மெத்தை வாங்கினால் தலையணை ஃப்ரீ

மார்ச் 4

பாப்பா,

போன மாதம் பதினெட்டாம் தேதி வேனிலிருந்து நாற்பது தலையணைகளை இறக்கிவிட்டு, உன் அண்ணி எடுத்து வைத்த சாப்பாட்டைத் தொடாமல், யாரிடமும் சொல்லாமல் நீ கிளம்பிப் போனாய். அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை. தலையணையும் வருவதில்லை. நடந்தது இவ்வளவுதான். ஏன் நடந்தது என்று எனக்குத் தெரியாது.

போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயம். நீ எடுக்காததால், பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதன்முறையாக உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுகிறேன். பில் புத்தகத்தின் பின்பக்கம்தான் கைக்குக் கிடைத்தது. வேன் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

கடை நிலவரம் இது. வாசலில் ‘மெத்தை வாங்கினால் தலையணை ஃப்ரீ’ என்று எட்டடிக்குப் போர்டு. உள்ளே ஒரு தலையணை கிடையாது. வருகிறவர்கள் முதலில் போர்டைப் பார்க்கிறார்கள், பிறகு அடுக்கைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்க்கிறார்கள். அந்த மூன்றாவது பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் பதினேழு மிச்சம் இருந்தது. நேற்று அதுவும் தீர்ந்தது.

மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா? மிஷின் மக்கர் பண்ணுகிறதா? பஞ்சு போதவில்லையா? இல்லை, என் மேல்தான் கோபமா? எதுவானாலும் சொல்லித் தொலை. ஃப்ரீயாக இருக்கும்போது ஒரு போன் போடு.

அண்ணன்

—

மார்ச் 9

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வேன் டிரைவர் அதை நீட்டும்போதே, “அண்ணன் பாவம்க்கா, பதினேழுதான் மிச்சம் இருந்துச்சாம், அதுவும் போச்சாம்” என்றார். சத்தியம் வாங்குவதில் தங்களுக்கு உள்ள திறமைக்கு என் பாராட்டுகள்.

உங்கள் மாப்பிள்ளை நலம். மிஷின் நலம். பஞ்சு போதுமான அளவு இருக்கிறது. நான் ஃப்ரீயாக இல்லை.

அன்று நடந்தது தங்களுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். நான் தலையணைக் கட்டை மெத்தை அடுக்குக்குப் பின்னால் இறக்கிக்கொண்டிருந்தேன். கழுத்தில் பட்டை கட்டிய ஓர் அம்மா வந்தார். “போன வருஷம் மெத்தை வாங்கினப்ப ஒரு தலையணை குடுத்தீங்களே, அது மாதிரி இன்னும் ரெண்டு வேணும். என்ன விலை?” என்று கேட்டார். நீங்கள் சொன்னது இது: “அதுக்கெல்லாம் விலையே கிடையாதும்மா, ஃப்ரீ ஐட்டம் அது. அதுல என்ன இருக்கு, துணியும் பஞ்சும்தான். நல்ல தலையணை வேணும்னா சொல்லுங்க, கம்பெனி சரக்கு வரவழைச்சுத் தரேன்.”

“அதுல படுத்தாதாங்க எனக்குக் கழுத்து வலிக்காம இருக்கு” என்றார் அவர். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு ஆறு மெத்தைகளைத் தாண்டி எனக்குக் கேட்டது.

கழுத்துப் பக்கம் தடிமனாக, நடுவில் தணிவாக, உள்ளே தனி உறை போட்டு, பஞ்சை மூன்று தடவை பிரித்து அடைத்து, ஒவ்வொன்றிலும் நானே தலை வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். ஒன்பது வருடம். அதுல என்ன இருக்கு!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் அந்த ‘ஃப்ரீ’ என்ற சொல்லைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் நீங்கள் ஃப்ரீ. தெருவில் வண்டி இல்லாவிட்டால் ரோடு ஃப்ரீ. ஜலதோஷம் விட்டால் மூக்கு ஃப்ரீ. காலையில் வயிறும் ஃப்ரீ. அதை நான் எழுத மாட்டேன், நீங்கள் கல்லாவில் உட்கார்ந்து ஊருக்கே சொல்வீர்கள். கூச்சமில்லாமல் பேசுகிறவர் ஃப்ரீ டைப். யாருக்குமே சரியாகப் பொருந்தாத நைட்டி ஃப்ரீ சைஸ். நான் அழுதால் ‘ஃப்ரீயா விடு.’ டாக்டர் சொல்லி நீங்கள் வாங்குகிற சுகர் ஃப்ரீ பிஸ்கட்டில் சுகர் கிடையாது. உங்கள் போர்டில் தலையணை ஃப்ரீ என்றால் தலையணை உண்டு. இத்தனை இடத்துக்கு இழுத்தும் சலிக்காத சொல், கடைசியில் என் கைவேலைக்குத்தான் பட்டப்பெயராக வந்து உட்கார வேண்டுமா?

இப்படிக்கு,
துணியும் பஞ்சும்

—

மார்ச் 13

துணிக்கும் பஞ்சுக்கும்,

உன் கடிதத்தை உன் அண்ணி கடையில் நின்று உரக்கப் படித்தாள். வயிறு வருகிற இடத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருவர் மெத்தை வாங்கினார். ஆகவே உன் கடிதத்தால் எனக்கு நஷ்டம் இல்லை.

நான் சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வியாபாரப் பேச்சு. உனக்கு அதன் சூட்சுமம் புரிய வேண்டும். ஃப்ரீயாகக் கொடுக்கிற பொருளுக்கு ஒரு விலையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அடுத்த ஆள் வந்து, “எனக்குத் தலையணை வேணாம், அந்தக் காசை மெத்தையில கழிச்சுக்கோங்க” என்பான். அதனால்தான் வாயைத் திறந்து விலை சொல்வதில்லை.

அந்தச் சொல்லைத் திட்டாதே. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தம் இருபது சொல் இருக்கும். அதில் எனக்கு வீடு கட்டிக் கொடுத்தது அது ஒன்றுதான். நடைபாதையில் போர்வை விற்ற காலத்தில் நீ சின்னப் பெண். ‘மலிவு விலை’ என்று எழுதி வைத்தேன். சரக்கு மட்டம் என்று நினைத்தார்கள். ‘தள்ளுபடி’ என்று எழுதினேன். இன்னும் தள்ளு என்றார்கள். ‘இலவசம்’ என்று எழுதினேன். எங்கே வரிசை என்று கேட்டார்கள். கடைசியில் போர்வைக்கு ஒரு கைக்குட்டையைக் கட்டி, அட்டையில் ‘ஃப்ரீ’ என்று எழுதினேன். நடந்து போனவன் நின்றான், நின்றவன் சிரித்தான், சிரித்தவன் வாங்கினான். சாயங்காலத்துக்குள் மூட்டை காலி. அந்தச் சொல்லை நான் எப்படிக் கைவிடுவேன்?

அப்புறம், உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? மாப்பிள்ளை காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்த மாதத்தில் பணம் கொடுக்கத் தொடங்கினேன். இன்றுவரை மாதாமாதம் தவறாமல் கொடுக்கிறேன். தலையணை எத்தனை வந்தது என்று எண்ணிப் பார்த்ததுகூட இல்லை. அண்ணன் தங்கைக்குள் என்ன விலை?

எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேக்டரித் தலையணை ஐம்பது வாங்கிப் போட்டிருக்கிறேன். வெள்ளை வெளேரென்று, பிளாஸ்டிக் பையில், ஜிப் வைத்து, பார்க்க லட்சணமாக இருக்கிறது. நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு.

அண்ணன்

—

மார்ச் 19

அண்ணா,

‘உரிமையாளர் அவர்களே’ என்று எழுதக் கை வலிக்கிறது. அதனால் பழையபடி.

மாதாமாதம் கொடுக்கிறாய், உண்மை. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அவர் கால் சரியாகி எட்டு வருடம் ஆகிறது. இப்போது ஏணி மேல் ஏறி ஊர் முழுக்க ஒயரிங் செய்கிறார். நான் இருபது தலையணை அனுப்பின மாதமும் அதே பணம், நூற்றிருபது அனுப்பின மாதமும் அதே பணம். கடையில் எல்லாரிடமும் என்ன சொல்கிறாய்? “தங்கச்சிக்கு மாசாமாசம் குடுக்கறேன்” என்கிறாய். “தங்கச்சிகிட்ட வாங்கறேன்” என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன் வாயால் கேட்டதில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம். அந்தக் கழுத்துப் பட்டை அம்மா உன்னோடு விட்டுவிடவில்லை போல. வேன் டிரைவரிடம் விசாரித்து என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கூடவே, பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக மெத்தைக் கடை திறந்திருக்கிறாரே, அவரும் வந்தார். அவருக்கு அந்த அம்மா ஏதோ உறவாம்.

மூன்று மணி நேரம் பேரம் பேசினார் அண்ணா! தலையணையைக் கிள்ளினார், முழங்கையால் அழுத்தினார், தரையில் போட்டு எடுத்தார். தையல் கோணல் என்றார். இரண்டு தடவை கோபமாக எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். “இந்த விலைக்கு ஒரு மெத்தையே வாங்கிடலாமேம்மா!” என்றார். “தாராளமா வாங்குங்க, தலையை எங்க வைப்பீங்க?” என்றேன். ஒருவழியாக ஒன்றுக்கு முந்நூற்று அறுபதில் வந்து நின்றார். மூன்று வருட ஒப்பந்தம். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவர் போன பிறகு உன் மாப்பிள்ளை கேட்டார், “சண்டை போட்டுட்டு எதுக்கு இப்படிச் சிரிச்சிட்டு நிக்கறே?” நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது.

கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன். உனக்குத் தெரியாமல் போடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பாப்பா

—

மார்ச் 22

பாப்பா,

கையெழுத்துப் போடாதே.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரித் தலையணை ஐம்பதில் பதினொன்று திரும்பி வந்துவிட்டது. ஒருவர் அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக் காட்டினார். நேற்று ஒரு பெரியவர் மெத்தையில் நீட்டிப் படுத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரண்டு, எழுந்து உட்கார்ந்து, “மெத்தை பிரமாதம். அந்தப் பழைய தலையணை வந்ததும் சொல்லி அனுப்புங்க, அப்ப இதை வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மெத்தை விற்கிறேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்தான் உன் தலையணையை வைத்தால், என் கடையில் நானும் போர்டும்தான் மிச்சம் இருப்போம்.

அவன் என்ன முந்நூற்று அறுபது? நான் அறுநூறு தருகிறேன். போதாதா, எழுநூறு. நீ என்ன சொன்னாலும் சரி. ஒரு கேள்வி கேட்க மாட்டேன். என் கூடப் பிறந்தவளிடம் எனக்கென்ன கணக்கு? வேன் திங்கட்கிழமை வரும், ஏற்றி அனுப்பு.

அண்ணன்

—

மார்ச் 24

அண்ணா,

வேன் காலியாகத்தான் திரும்புகிறது. எழுநூறு வேண்டாம்.

எழுநூறுக்கு வாங்கி நீ என்ன விலைக்கு விற்பாய்? யார் வாங்குவார்கள்? விற்காத பொருளுக்கு நீ கொடுக்கிற காசு, விலை இல்லை. அது பழைய மாதப் பணம்தான், கொஞ்சம் பெரிய கவரில் வருகிறது. தங்கச்சி அழுகிறாள், வாயை அடைக்கிறாய்.

உன்னை எனக்குத் தெரியாதா? ஃபோம் கம்பெனிக்காரர் வந்தால் நான்கு டீ குடிக்கிற வரைக்கும் விட மாட்டாய். பழைய சாக்கு வாங்க வருகிறவரிடம் அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பாய். போர்டு எழுத வந்தவரிடம் எழுத்துக்கு இவ்வளவு என்று பேசி, ‘ஃப்ரீ’யில் ஓர் எழுத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டவன் நீ. நீ மதிக்கிற சரக்கு எதையும் நீ பேரம் பேசாமல் வாங்கினதில்லை. ஒன்பது வருடத்தில் என் தலையணையைப் பற்றி என்னிடம் ஒரு நிமிடம் பேரம் பேசியிருக்கிறாயா?

என்னிடம் பேரம் பேசு. அந்தப் பாலத்துக்காரர் மாதிரி குறை சொல்லிப் பேசு. அது உன்னால் முடியாவிட்டால் முப்பத்தொன்றாம் தேதி அவருக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

பாப்பா

—

மார்ச் 27

தலையணை தயாரிப்பாளர் அவர்களுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் சும்மா இருந்தேன். சாக்குக்காரர் வந்தார், அவரிடம்கூடப் பேச மனமில்லை, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டேன். அவர் பயந்துபோய், “உடம்புக்கு ஏதாவதுங்களா?” என்று கேட்டார்.

மறுநாள் வீட்டில் உன் அண்ணி தலையடியில் இருந்த உன் தலையணையை எடுத்து வந்து, கத்தரிக்கோலால் தையலைப் பிரித்து, துணி தனி, பஞ்சு தனி என்று தராசில் வைத்தேன். அவள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. என்னோடு பேசாத பெண்கள் இப்போது இரண்டு பேர்.

சரி, சரக்கைப் பற்றி. குறை ஒன்று: உள்ளே இன்னொரு உறை. வெளியே தெரியாத துணிக்கு எதற்குச் செலவு? குறை இரண்டு: நான்கு மூலையிலும் தையலை இரண்டு தடவை ஓட்டியிருக்கிறாய், நூல் தண்டம். குறை மூன்று: உன் அண்ணி தலையணையில் பஞ்சு ஒரு கிலோ நூறு கிராம். என் மகன் தலையணையைப் பிரிக்காமல் நிறுத்துப் பார்த்தேன், அதைவிட அறுபது கிராம் குறைவு. ஒரே சரக்கு என்று சொல்லி விதவிதமாக எடை வைத்தால் நான் எப்படி விற்பது? குறை நான்கு: நிறம். எல்லாமே மங்கலான கோடு போட்ட துணி. ஜவுளிக்கடையில் யாரும் தொடாத துணியாகப் பார்த்து எடுப்பாயா?

இதற்கெல்லாம் சேர்த்து நான் தரக்கூடிய விலை முந்நூற்று நாற்பது. அதற்கு மேல் எனக்குக் கட்டுப்படியாகாது.

பாலத்துக்காரன் முந்நூற்று அறுபது சொன்னானே என்று கேட்பாய். அவன் மூன்று வருடம் உன்னைக் கட்டிப் போடுகிறான். நான் கட்டமாட்டேன்.

இன்னொரு சங்கதி. நான் தலையணை வைத்துப் படுக்கிறவன் இல்லை, உனக்குத் தெரியும். நடைபாதைக் காலத்துப் பழக்கம், கையை மடித்து வைத்தால் போதும். நேற்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு, சரக்கைச் சோதிக்க வேண்டும் என்பதற்காக மட்டும், மகன் தலையணையைக் கடைக்குக் கொண்டுவந்து காட்சி மெத்தையில் போட்டு ஐந்து நிமிடம் தலை வைத்தேன். எழுந்தபோது மணி நாலு. எதிரே ஒரு குடும்பமே உட்கார்ந்து நான் விழிப்பதற்காகக் காத்திருந்தது. “எழுப்ப மனசு வரலைங்க” என்றார்கள். இரண்டு மெத்தை வாங்கினார்கள்.

இதை உனக்கு எழுதியிருக்கக் கூடாது. விலையை ஏற்றிவிடுவாய்.

மெத்தைக் கடைக்காரர்

—

மார்ச் 29

மெத்தைக் கடைக்காரர் அவர்களுக்கு,

நானூற்று முப்பது கேட்கலாம் என்று இருந்தேன். நாலு மணி வரை தூங்கின கதையைப் படித்ததும் நானூற்று ஐம்பது ஆகிவிட்டது.

குறைகளுக்குப் பதில். உள் உறை இல்லாவிட்டால் பஞ்சு நடுவில் வந்து குவியும். ஃபேக்டரிக்காரன் அதைத்தான் மிச்சம் பிடித்தான், அது சட்டைப் பைக்குள் போய்விட்டது. நான்கு மூலை இரட்டைத் தையல் எதற்கென்றால், ஒரு கடைக்காரர் தலையணையை மூலையைப் பிடித்துத்தான் தூக்கி எறிவார். யார் என்று சொல்லி மனதைப் புண்படுத்த விரும்பவில்லை. அறுபது கிராம்: அண்ணி ஒருக்களித்துப் படுப்பவள், அவளுக்கு உயரம் வேண்டும். பையன் மல்லாந்து படுப்பவன், அவனுக்குக் குறைவு. கேட்டுத்தான் தைத்தேன். உன் கடையில் எந்தக் கம்பெனி சரக்கு இப்படிக் கேட்டுத் தைத்து வருகிறது? நிறத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். துணி மட்டம்தான். ஃப்ரீ சரக்குக்கு இது போதும் என்று நானே நினைத்துவிட்டேன், பார்த்தாயா? இனி நல்ல துணி.

முந்நூற்று நாற்பதைப் படித்துவிட்டு உன் மாப்பிள்ளையிடம் காட்டினேன். “இவ்ளோ குறைச்சலா கேக்கறாரே!” என்றார். “ஆமாங்க!” என்று துள்ளினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

என் நிபந்தனைகள்: மாதப் பணம் இந்த மாதத்தோடு நிற்க வேண்டும். அந்த எட்டடிப் போர்டு இறங்க வேண்டும். தலையணைக்குத் தனி அடுக்கு, வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில். கேட்கிறவர்களிடம் எப்படிப் படுப்பீர்கள் என்று கேட்டு எழுதி அனுப்ப வேண்டும்.

நாளை வேனில் பதில் வராவிட்டால் பாலத்துக்காரருக்குப் போன் போடுவேன். அவர் எண் என்னிடம் இருக்கிறது. உன் எண்ணும்தான் இருக்கிறது, ஆனால் பேரம் முடிகிற வரைக்கும் எடுக்க மாட்டேன்.

பாப்பா

—

மார்ச் 30

பாப்பா,

நானூற்று ஐம்பதைப் படித்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். இரண்டு தடவை. பாலத்துக்காரன் போனதற்குக் குறையக் கூடாது என்று.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்குள் நான்கு டீ ஆகிவிட்டது. உன் அண்ணிதான் போட்டுக் கொடுத்தாள். முதல் டீயை எதுவும் பேசாமல் வைத்தாள். இரண்டாவதில், “நானூறு சொல்லுங்க” என்றாள். மூன்றாவதில், “அவ கைவேலைக்கு நானூறு கம்மி” என்றாள். நான்காவதில், “நீங்க பிரிச்சதுக்குப் பதிலா எனக்கு ஒரு புதுத் தலையணை வந்தாகணும்” என்றாள். எந்தப் பக்கத்து ஆள் என்றே தெரியவில்லை.

போர்டை இறக்கியாயிற்று. இறக்கும்போது கழுத்துப் பட்டை அம்மா தெருவில் போய்க்கொண்டிருந்தார். “என்னங்க, ஃப்ரீ போயிடுச்சா?” என்றார். “தங்கச்சிகிட்ட வாங்கறேன்மா. இனிமே விலைக்குத்தான்” என்றேன். “அப்பாடா! அப்ப எனக்கு ரெண்டு எழுதிக்கோங்க” என்றார். ஒருக்களித்துப் படுப்பவராம், எழுதிக்கொண்டேன். தலையணைக்கு விலை சொன்னால் மெத்தையில் கழிக்கச் சொல்வார்கள் என்று ஒன்பது வருடம் பயந்திருந்தேன். கழிக்கச் சொல்ல இதுவரை ஒருத்தரும் வரவில்லை.

அந்தச் சொல்லை வாசலில் எங்கேயாவது எழுதாவிட்டால் எனக்குக் கடை திறந்த மாதிரியே இல்லை. ஆகவே ‘வீட்டுக்கு டெலிவரி ஃப்ரீ’ என்று சின்னதாக எழுதப் போகிறேன். வேன் டிரைவர் இதை இப்போதே படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

முடிவு இது, இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மாதப் பணம் இந்த மாதத்தோடு நின்றது. தலையணை அடுக்கு கல்லாவுக்கு எதிரே. பாலத்துக்காரனுக்கும் கொடுக்க விரும்பினால் கொடு, ஆனால் என் விலைக்கு ஒரு காசு குறைத்துக் கொடுக்காதே. மாதம் எண்பது, நல்ல துணியில், உள் உறையோடு, இரட்டைத் தையலோடு. எனக்கென்று ஒன்று, கையை மடித்துப் படுத்துப் பழகினவனுக்கு எந்த உயரம் சரியோ அந்த உயரத்தில். அதற்கும் பில் போடு. தலையணை ஒன்றுக்கு நானூற்றுப் பதினைந்து, சரக்கு இறங்கின அன்றே கையில் பணம், இறக்குகூலி என்னுடையது, அன்று மத்தியானம் நீ சாப்பிட்டுவிட்டுத்தான் வேன் ஏற வேண்டும்.

அண்ணன்